தண்ணீர்த் தொட்டியில் துளையிட ஹோல் சா: ஒரு மதிப்பீடு

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்காக நான் வாங்கிய பை-மெட்டல் (இருவகை உலோகத்தாலான) ஹோல் சா, அதாவது டிரில்லில் மாட்டி வட்டமாகத் துளை வெட்டும், பற்களுள்ள கிண்ணம் போன்ற கருவி, காய்ச்சிய இரும்புக் குழாயால் சுட்டுத் துளைக்கும் பழைய வழக்கத்தைவிடப் பன்மடங்கு மேலானது; சுட்ட துளையின் விளிம்பு மேடுபள்ளமாக இறுகிவிடுவதால் ரப்பர் வாஷர் சரியாகப் படியாமல் நீர் கசியும். கடையில் குழாயின் அளவைச் சொல்லி ஹோல் சாவைக் கேட்கக் கூடாது. தொட்டியின் துளையில் பொருத்திக் குழாயை இணைக்கும் ஓர் அங்குல டேங்க் நிப்பிளின் மரையுள்ள பகுதி 25 மில்லிமீட்டரைவிடக் கணிசமாகத் தடித்திருக்கும் என்பதால், அதன் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அது நுழையும் அளவுக்குச் சற்றே பெரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரில்லை ஹேமர் (சுத்தியல்போல் இடித்துத் துளைக்கும்) நிலையில் வைக்காமல் மெதுவாக இயக்கினால் தொட்டியின் சுவர் சுருள்சுருளாக வெட்டுப்பட்டு வருகிறது. வேகம் கூடினாலோ பிளாஸ்டிக் உருகிப் பற்களில் அப்பிக்கொள்கிறது. வெட்டிய வட்டத் துண்டு ஹோல் சாவுக்குள்ளே சிக்கிக்கொள்வதுதான் எரிச்சல். அதன் பக்கவாட்டுப் பிளவின் வழியாகத் திருப்புளியால் நெம்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பிளவுகூட இல்லாத மலிவான செட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.