'ஜின்': மங்காவா, ஜப்பான் தொடரா, கொரியத் தொடரா?

மூளை அறுவை மருத்துவர் ஒருவர் தன் மருத்துவமனையின் படிக்கட்டில் உருண்டு விழுகிறார். கண் விழித்தால் 1862, எடோ நகரம் (இன்றைய டோக்கியோ). எதிரே தலையில் வாள்வெட்டோடு கிடக்கிறான் ஓர் இளம் சாமுராய். மண்டையோட்டைத் திறக்க வேண்டும். தச்சனின் உளியும் சுத்தியலும் கொண்டுவரச் சொல்கிறார் மருத்துவர். அந்த மருத்துவரின் பெயர்தான் ஜின். 'ஜின்' கதை இப்படித்தான் தொடங்குகிறது.

முராகாமி மோட்டோகா 2000 முதல் 2010 வரை 'சூப்பர் ஜம்ப்' இதழில் இதை மங்காவாக (ஜப்பானியப் படக்கதை) வரைந்தார். மொத்தம் 20 தொகுதிகள். ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சி 2009இலும் 2011இலும் இரண்டு பாகங்களாகத் தொடர் எடுத்தது. 2012இல் கொரியாவின் எம்பிசி, 'டாக்டர் ஜின்' என்று 22 எபிசோட் எடுத்தது. மூன்றில் எது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவைப் பற்றியும் பேசியாக வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.

மங்காவின் உண்மையான நாயகி பென்சிலின்தான் என்பேன். ஃபிளெமிங் கண்டுபிடித்தது 1928இல். ஜின் அதற்கு 66 ஆண்டுகள் முன்னால் நிற்கிறார். ஆய்வகம் கிடையாது, மின்சாரம் கிடையாது. பச்சைப் பூஞ்சையைச் சேகரித்து, அரிசி களைந்த நீரிலும் கிழங்கு வேகவைத்த சாற்றிலும் வளர்க்கிறார்கள். வடிகட்டிய நீரில் எண்ணெய் ஊற்றிக் கலக்கி, எண்ணெயில் கரையும் கசடைப் பிரிக்கிறார்கள். மிச்சத்தைக் கரித்தூளில் ஏற்றி, புளித்த நீராலும் கார நீராலும் அடுத்தடுத்துக் கழுவி மருந்தை இறக்குகிறார்கள். ஒவ்வொரு படியையும் நிறுத்தி, படம் போட்டுக் காட்டுகிறது மங்கா. சமையல் குறிப்பு படிப்பதுபோல இருக்கும், ஆனால் கை நகராது. நொதித்தல் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால் யமாசா சோயா சாஸ் முதலாளி ஹமாகுச்சி உள்ளே வருகிறார். இவர் கற்பனை ஆளல்ல. 1854 சுனாமியின்போது நெற்கட்டுகளைக் கொளுத்தி, ஊர்க்காரர்களுக்கு மேட்டுக்கு வழிகாட்டிய அதே மனிதர்.

தொலைக்காட்சியிலும் இதெல்லாம் உண்டு; ஆனால் வேகமாக ஓடிவிடுகிறது. அதற்கு ஈடாக டிபிஎஸ் சேர்த்த ஒன்று, என் கணக்கில், மங்காவையே மிஞ்சிவிட்டது: மிகி.

மங்காவில் ஜின்னுக்கு நிச்சயித்த பெண் கிடையாது. தொடரில் உண்டு. அவர் கத்தி வைத்த அறுவைக்குப் பிறகு அவள் நினைவிழந்து கிடக்கிறாள். அவளோடு எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படத்தோடுதான் ஜின் எடோவுக்குப் போகிறார். அவர் ஓர் உயிரைக் காப்பாற்றினால் படத்தில் ஏதோ மாறுகிறது. எடோவின் கணிகையர் வட்டாரமான யோஷிவாராவில் பேர்பெற்றவள் நோகாசே, அச்சு அசலாக மிகியின் முகம்; இரண்டு பாத்திரத்திலும் நடிப்பது நகாதானி மிகி என்ற நடிகைதான். நோகாசேக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை செய்தால், அவளை விலைகொடுத்து மீட்டுக்கொள்ளவிருந்த பிரபு விலகிவிடுவான். அப்படியானால் மிகி பிறக்காமலே போகலாம். மருத்துவருக்கு இதைவிடக் குரூரமான கணக்கு உண்டா? முதல் பாகத்தின் கடைசி எபிசோட் ஜப்பானில் 25.3 சதவீதப் பார்வையாளர்களைப் பிடித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கொரியத் தொடர் சறுக்குவதும் இதே இடத்தில்தான். அங்கே காதலியின் முகம் நாயகி யங்-ரேவுக்கே போய்விடுகிறது. இருவராகவும் நடிப்பது பார்க் மின்-யங். ஜப்பானியத் தொடரில் பக்கத்தில் நிற்பவள் சாகி, தலையில் வெட்டுப்பட்ட அந்த சாமுராயின் தங்கை; பழைய முகம் நோகாசேயுடையது. நடுவில் ஜின் தவிக்கிறார். இரண்டு பேரையும் ஒருத்தியாக்கினால் இழுபறி பாதி கரைந்துவிடும், வெறும் காதல் கதைதான் மிஞ்சும். சரி, அதற்குப் பதில் என்ன தருகிறார்கள்? 19ஆம் நூற்றாண்டுக் கொரியாவின் அரண்மனை அரசியல். அரசவையைக் கைக்குள் வைத்திருந்த ஆண்டோங் கிம் குலத்தின் ஆதிக்கம், அதை உடைத்து மகனை அரியணையில் ஏற்றும் ஹுங்சொன் பிரபு. லீ பொம்-சூ அவரை அட்டகாசமாக நடித்திருக்கிறார். சில எபிசோடுகளில் மருத்துவர் எங்கே போனார் என்றே தேட வேண்டியிருக்கும்! ஜப்பானில் அந்த இடத்தில், ஷோகன் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட சகாமோட்டோ ர்யோமா இருக்கிறார். 1867இல் கியோட்டோவில் அவர் கொல்லப்படுவார் என்பது ஜின்னுக்குத் தெரியும். அதனால் அங்கே அரசியலும் 'காப்பாற்றலாமா' என்ற கேள்விக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சின்ன இன்பங்களிலும் ஜப்பானிய ஜின்தான் முன்னால். தீட்டிய வெள்ளை அரிசியே தின்று, வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயில் விழுந்த சாகியின் அம்மா மருந்தைத் தொட மாட்டார். அவருக்காகவே டோனட் போல ஒரு பலகாரம் செய்து, அதில் சத்தை ஒளித்துக் கொடுக்கிறார்கள். (புழுங்கலரிசியில் அந்தச் சத்து ஓரளவு தங்கும். எடோவில் யாரும் நெல்லைப் புழுக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம்.)

முடிவுக்கு வருவோம். சாகியோடு எடோவிலேயே வாழும் ஒரு ஜின்னை மங்கா நமக்குத் தந்துவிடுகிறது. தொடர் அந்தத் தயவைக் காட்டுவதில்லை. ஜின் நிகழ்காலத்துக்குத் திரும்பிவிடுகிறார். எடோவில் அவர் பெயரே எல்லார் நினைவிலிருந்தும் அழிகிறது. பெயர் மறந்த ஒரு மருத்துவருக்குச் சாகி எழுதி வைத்த கடிதம் மட்டும் அவர் கைக்கு வருகிறது.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் டிபிஎஸ், இரண்டு பாகமும். அப்புறம் மங்காவை எடுங்கள், முக்கியமாகப் பூஞ்சை வளர்க்கும் அத்தியாயங்களுக்காக. கொரியத் தொடரை லீ பொம்-சூவுக்காகப் பார்க்கலாம். அவர் இல்லாத காட்சிகளை நான் ஓட்டிவிட்டுத்தான் பார்த்தேன்.