பாஸ் அடிக்கும்போது மங்கும் ஹெட்லைட்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

போன வாரம் நண்பர் ஒருவர் இரவில் என் காரில் வந்தார். சிக்னலில் நின்றிருந்தோம், முன்னால் நின்ற வண்டியின் பின்புறத்தில் என் ஹெட்லைட் வெளிச்சம் காரில் ஓடிய பாட்டின் பாஸ் தாளத்துக்கு (ஆழ்ந்த தாழ்சுருதிச் சத்தம்) ஏற்ப மங்கி மங்கி வந்துகொண்டிருந்தது. "என்னப்பா, இவ்வளவு செலவு பண்ணியும் இன்னுமா லைட் ஆடுது?" என்று கேட்டார். அவரும் இதே மாதிரி ஓர் ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) போடப் போகிறாராம், கூடவே ஒரு கெபாசிட்டரும் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று கொடுக்கும் கருவி) வாங்கிவிட்டால் பிரச்சினை வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 600 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்) தரும் ஒரு கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) மோனோ ஆம்ப், டிக்கியில் பாஸுக்கென்றே ஒரு 12 அங்குல சப்வூஃபர், கதவுகளில் தனி ஸ்பீக்கர்கள். சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நன்றாக இருக்கிறது, நான்கு வருடமாக ஒரு நாள்கூடச் சலிக்கவில்லை, அவ்வளவுதான். என்னைப் பிடித்து ஆட்டியது லைட்தான்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. மாட்டிக் கொடுத்தவர் "எல்லா வண்டியிலும் இப்படித்தான், பாஸ் அடிச்சா லைட் கொஞ்சம் இறங்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போனபோது அவரே ஒரு ஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு அலகு) அளவுள்ள கெபாசிட்டர் ஒன்றை மாட்டினார். முகப்பில் நீல எழுத்தில் வோல்ட்டேஜ் காட்டும், பார்க்க அழகு. லைட் மட்டும் அப்படியேதான் ஆடியது. ஏன் என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் வரை இறங்கும்போது ஒரு ஃபாரட் கெபாசிட்டர் கொடுக்கக்கூடியது 26 ஜூல். என் ஆம்ப் முழுச் சத்தத்தில் இழுப்பது சுமார் 750 வாட், 600 வாட் வெளியே தர உள்ளே அவ்வளவு வேண்டும். 26 ஜூலை 750 வாட்டால் வகுத்தால் 0.035 விநாடி வருகிறது. ஒரு டிரம் அடி அதைவிடப் பல மடங்கு நேரம் நீளும். முதல் கணத்தைத் தாங்கிவிட்டு அது காலியாகிவிடும், அப்புறம் தன்னை நிரப்பிக்கொள்ள அதே ஆல்டர்னேட்டரிடமே (எஞ்சினால் சுற்றி மின்சாரம் தரும் கருவி) கையை நீட்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பணம் போனதில் எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது.

கோபத்தை விட்டுவிட்டு, உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது காரின் மின்சாரம் வருவது ஆல்டர்னேட்டரிலிருந்து, 13.8 முதல் 14.4 வோல்ட் வரை. பேட்டரி அதன் பின்னால் நிற்கும் சேமிப்பு, ஓய்வில் 12.6 வோல்ட்தான். ஆல்டர்னேட்டர் தரக்கூடியதைவிட அதிகமாக ஆம்ப் கேட்கிற அந்தக் கணத்தில், மீதியைப் பேட்டரி கொடுக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி கொடுக்கத் தொடங்கினாலே காரின் மொத்த வோல்ட்டேஜும் அதன் அளவுக்குக் கீழே வந்துவிடும். ஹாலஜன் பல்புக்கு இது பெரிய அடி. அதன் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேராக இறங்குவதில்லை, வோல்ட்டேஜின் சுமார் 3.4ஆம் அடுக்குக்கு (power) ஏற்ப இறங்குகிறது. 13.8 வோல்ட் 12.6 ஆனால் வோல்ட்டேஜில் இறக்கம் ஒன்பது சதவீதத்துக்கும் கீழேதான், ஆனால் வெளிச்சத்தில் கால்பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

என் ஆல்டர்னேட்டர் 75 ஆம்பியர். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் அந்த எண் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மெதுவாகச் சும்மா சுற்றும்போது, பாதியை ஒட்டித்தான் வரும். இரவில் ஏசி போட்டு சிக்னலில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். இரண்டு லோ பீம் பல்புக்கு 8 ஆம்பியர், ஏசி காற்றாடிக்கு 10, ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கினால் அது ஒரு 10, 15, பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு 10. கையிருப்பு அங்கேயே தீர்ந்துவிட்டது. இதன்மேல் ஒவ்வொரு பாஸ் அடிக்கும் 50 ஆம்பியருக்கு மேல் கேட்டால் அது எங்கிருந்து வரும்? எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் லைட் லேசாக இறங்கும். அதற்கும் காரணம் இதேதான், பாட்டின் மேல் மட்டும் பழி போட முடியாது.

இந்தக் கணக்கெல்லாம் சரி, ஆனால் என் காரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் லைட் ஆடியது. அங்கேதான் சந்தேகம் வந்தது, ஏனென்றால் அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டரிடம் கொடுக்க மிச்சம் இருக்க வேண்டும். ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இந்த நான்கு வருடத்தில் இந்த சிஸ்டத்துக்காக வாங்கிய எதிலும் உருப்படியானது அதுதான்.

40 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீரான பாஸ் ஒலி) ஒன்றை ஓடவிட்டு, எஞ்சினைச் சற்று முறுக்கி வைக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறு முனையைக் காரின் பாடியிலும் வைத்தேன். 0.5 வோல்ட் காட்டியது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையிலேயே அரை வோல்ட் தொலைகிறது என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தால் பட்டையின் இழைகள் பாதி பச்சை பூத்துப் போயிருந்தன. ஆம்ப் எடுத்த கரண்ட் திரும்பிப் போகும் வழி அதுதான், ஹெட்லைட் கரண்ட் திரும்பும் வழியும் அதுதான். ஒரே குறுகலான பாலத்தில் இரண்டு பேரும் போனால், பெரியவன் ஒவ்வொரு முறை காலெடுத்து வைக்கும்போதும் சின்னவன் ஒதுங்கித்தானே ஆக வேண்டும்.

டிக்கியில் ஆம்ப்பின் எர்த் வயரைப் பார்த்தபோது இன்னும் கடுப்பானது. பெயின்ட்டைச் சுரண்டாமலே, சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருந்தார் அந்த மனிதர். பத்து நிமிடம் சத்தமாக ஓட்டிவிட்டுத் தொட்டால் போல்ட் சுட்டது. சீட் பெல்ட் போல்ட் உயிர் காக்கிற இடம், அதில் யாரும் எதையும் மாட்டக் கூடாது. வயரும் மோசம்தான். செம்பு என்று சொல்லி விற்ற 4 கேஜ் வயரின் ஓர் இழையைக் கத்தியால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருந்தது, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் அது அசல் செம்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் கரண்டைக் கடத்தும். யாராவது வயர் விற்றால் அங்கேயே நின்று கீறிப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்குத் தடிமனான செம்பு வயர், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒன்று. ஆம்ப்புக்குப் புது 4 கேஜ் செம்பு வயர் இழுத்து, பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் வைத்தேன். எர்த் வைக்கிற இடத்தில் எல்லாம் உப்புத்தாள் போட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முடுக்கியபின் துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் பூசினேன். அரை வோல்ட் இருந்த இடத்தில் 0.05 காட்டியது. அன்று இரவு சாலையில் லைட் அசையவில்லை! நிஜமாகவே வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிர்பார்க்காத நன்மையும் வந்தது. காலையில் ஸ்டார்ட்டர் முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஹெட்லைட்டுக்கும் மீட்டர் வைக்கிற பழக்கம் வந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. பேட்டரியில் 13.2 வோல்ட் இருக்கும்போது பல்பு முனையில் வெறும் 11.8தான் வந்துகொண்டிருந்தது. கம்பெனி வயர் அவ்வளவு மெல்லியது, அதுவும் சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து நேரடி வயர் போட்டதும் 13 வோல்ட் வந்தது, வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. பல்பு முன்னைவிடச் சீக்கிரம் போகிறது என்பது உண்மை, வோல்ட்டேஜ் ஏறினால் ஆயுள் மளமளவென்று இறங்கும். அந்த விலையை நான் மனதாரக் கொடுக்கிறேன்.

ஐடிலில் மட்டும் ஆட்டம் மிச்சம். அதுதான் நண்பர் பார்த்தது. அதற்கும் என்னென்னவோ செய்தேன். பேட்டரியை ஏஜிஎம் வகைக்கு (கண்ணாடி இழைப் பாய் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) மாற்றியதில் இறக்கம் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது பேட்டரி வைக்கச் சொன்னார்கள், வைக்கவில்லை. அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சேர்த்து வைக்கிறது, சேர்த்ததைத் திரும்ப நிரப்ப அதே ஆல்டர்னேட்டர்தான் உழைக்க வேண்டும். எல்இடி பல்பு போடு, ஆட்டமே தெரியாது என்றும் ஒருவர் சொன்னார். தெரியாதுதான், அதற்குள் இருக்கும் டிரைவர் வோல்ட்டேஜ் இறங்கினாலும் கரண்டைச் சீராக வைத்திருக்கும். ஆனால் ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், பல நாடுகளில் சட்டமும் அதை ஏற்பதில்லை. நோயை விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் மூடி வைக்க எனக்கு மனமில்லை.

காசே செலவில்லாத ஒன்றுதான் அதிகம் உதவியது. பாஸ் பூஸ்ட்டை (பாஸை மட்டும் கூடுதலாக்கும் வசதி) முழுக்க அணைத்தேன். அது 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப் நான்கு மடங்கு பவர் கொடுக்க வேண்டும், நாம் கேட்பதோ நான்கு மடங்கு சத்தம் இல்லை. அப்புறம் ஆம்ப்பின் உள்ளீட்டு அளவை அமைக்கும் கெயினை 3 டெசிபல் இறக்கினேன். பவர் பாதியாகிவிட்டது, காதுக்கு லேசாகத்தான் வித்தியாசம் தெரிந்தது. மூடிய பெட்டியிலிருந்து போர்ட் (காற்று வந்து போகும் துளை) வைத்த பெட்டிக்கு மாறியதில் அந்த வித்தியாசமும் போய்விட்டது. கெயின் என்பது வால்யூம் குமிழ் இல்லை, முழுக்கத் திருகி வைத்தால் சிக்னல் கிளிப் ஆகி அலையின் தலை தட்டையாகும். அப்போது ஆம்ப் இன்னும் அதிகமாக இழுக்கும், ஸ்பீக்கர் காயில் சூடேறும்.

இவ்வளவு நல்லது சொன்னபிறகும், நண்பரே, இந்த அளவு ஆம்ப்பை நீங்கள் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் போன மாதம் ஒரு மழை இரவு. குறுகலான சாலை, வண்டி ஊர்ந்து போகிறது, எஞ்சின் ஐடிலுக்குச் சற்று மேலே. வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர், ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓடுகின்றன. ஒரு பாட்டில் பாஸ் இறங்கியது, லைட் மங்கி மீண்டது. எதிரே ஒதுங்கி நின்றிருந்த சைக்கிள்காரர், நான் லைட் அடித்து வழிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சாலையைக் கடக்க ஆரம்பித்துவிட்டார். பிரேக் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. எப்போது வெளிச்சம் மிக அதிகமாக வேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில்தான் எல்லா லோடும் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில்தான் ஆல்டர்னேட்டர் மிக மெதுவாகச் சுற்றுகிறது. எத்தனை வயர் மாற்றினாலும் இந்தக் கூட்டல் கழித்தல் மாறாது. ஐடிலிலேயே அதிகம் தருகிற பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் மாறும். அதை வாங்குவதானால் உச்ச அளவை மட்டும் பார்க்காமல் ஐடிலில் எத்தனை ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்தச் செலவு செய்ய மனசில்லை.

இன்று புதிதாகப் போடுவதானால் 200 வாட் ஆம்ப், 10 அங்குல சப், நல்ல கதவு ஸ்பீக்கர்கள், இவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன். உங்களுக்கும் அதுவே போதும். அதற்கும் முன்னால், ஒன்றும் வாங்காமல், எர்த் பட்டைகளில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளந்து பாருங்கள். மீட்டர் என் டேஷ்போர்டில்தான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.