டைட்டானிக்கில் தொலைந்தவரைத் தேட: பயணியர் பட்டியலா, உடல் பதிவேடா?

பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவருக்காகச் சென்ற குளிர்காலம் முழுவதும் ஒரு மனிதரைத் தேடினேன். அவருடைய அம்மாவின் தாய்மாமா. 1912-இல் டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பில் ஏறியவர். தேட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயணியர் பட்டியல். மற்றது, நான் வசிக்கும் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் உடல் பதிவேடு, அதாவது கடலிலிருந்து மீட்ட உடல்களைப் பற்றிய குறிப்புகள். இரண்டையும் பார்த்தாயிற்று. பதிவேடுதான் எங்களைக் கரை சேர்த்தது.

பட்டியலின் நன்மை தெரிந்ததே: மாண்டவர், பிழைத்தவர் என்று பாராமல் பயணிகளை அதில் தேடலாம். பதிவேடு அப்படியில்லை. இறந்த சுமார் 1,500 பேரில் 337 உடல்களே கிடைத்தன. உங்கள் உறவினர் அவற்றில் இல்லையென்றால் பட்டியலை விட்டால் கதியில்லை.

ஆனால் பட்டியலில் இருப்பது பயணி சொன்ன பெயர். அதுவும் எழுத்தர் காதில் விழுந்தபடி. ஓர் எழுத்து மாறியிருந்ததில் எங்களுக்கு ஒரு மாதம் போயிற்று. சொன்ன பெயரே பொய்யாக இருந்தால்? மிஷெல் நவ்ராதில் என்பவர் மனைவிக்குத் தெரியாமல் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு 'ஹாஃப்மன்' என்ற பெயரில் கப்பல் ஏறினார். பிள்ளைகள் பிழைத்தார்கள். அவரை, பெயரைப் பார்த்து யூதர் என்று எண்ணி, ஹாலிஃபாக்ஸின் யூதர் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பதிவேட்டில் அவர் 15-ஆம் எண். லண்டன் சாரிங் கிராஸ் ஹோட்டல் பில், தாமஸ் குக் நிறுவனத்தில் பணம் மாற்றிய ரசீது, குண்டு நிரப்பிய ரிவால்வர் என்று அவரிடம் இருந்தவை வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. எங்கே தங்கினார், எங்கே பணம் மாற்றினார் என்பதை இவற்றைப் பிடித்துக்கொண்டே தேடிப் போகலாம்.

இந்த வசதிக்குக் காரணம் ஹாலிஃபாக்ஸில் இறப்புப் பதிவாளராக இருந்த ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் வகுத்த முறை. உடல்களைத் தேடச் சென்ற மக்கே-பென்னெட் கப்பல் 306 உடல்களை மீட்டது. 116-ஐக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். ஆனாலும் ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண், உடைமைகளைப் போட்ட துணிப்பைக்கும் அதே எண். தலைமுடி, உடை, பச்சை குத்திய அடையாளம் எல்லாம் அந்த எண்ணின் கீழ் வரும். எங்கள் மனிதருக்கான பதிவில் ஒரு சீப்பும் ஊர்ப் பெயருடன் ஒரு கடிதமும் குறிக்கப்பட்டிருந்தன. அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மூதாட்டி காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் தேடல் அதுவரை போகவில்லை. ஆகவே அனுபவத்திலிருந்து பேச முடியாது. ஹாலிஃபாக்ஸின் ஃபேர்வியூ மயானத்து 'பெயர் தெரியாத குழந்தை', 4-ஆம் எண், ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 2002-இல் பரிசோதனை ஃபின்லாந்துக் குழந்தை ஒன்றைக் காட்டியது. உடைகளை எரிக்கச் சொல்லியும் மனம் வராமல் ஒரு போலீஸ் சார்ஜென்ட் எடுத்து வைத்திருந்த சின்னஞ்சிறு காலணிகள் அந்த 13 மாதக் குழந்தைக்குப் பெரியவை. மறுபடி சோதித்தார்கள். 2007-இல், 19 மாதமான சிட்னி குட்வின் என்று தெரிந்தது.