இன்டர்செப்டரில் பெரிய ஆயில் கூலர்: சென்னை வெயிலில் சில கோடைகள் ஓட்டிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிக்னலில் நிற்கும்போது தொடையைச் சுடுகிற சூடு குறையும் என்று நினைத்துப் பெரிய ஆயில் கூலர், அதாவது இன்ஜின் ஆயிலைக் காற்றில் ஆறவைக்கும் முன்பக்க ரேடியேட்டர், வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம். அந்தச் சூடு சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் புகை வெளியேறும் பெண்டு பைப்பிலிருந்தும் நேராக மேலே ஏறி வருவது. சைலன்சர் பக்கம் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் சூடும் அதோடு சேர்ந்துகொள்ளும். முன்னால் எத்தனை பெரிய கூலரை மாட்டினாலும் இதில் பெரிய மாற்றம் வராது. கூலர் காப்பாற்றுவது ஆயிலை. ஆயிலுக்காக வாங்குகிறீர்கள் என்றால் நல்ல செலவு, நான் மனதாரச் சொல்வேன்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. 648 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றும் ஆயிலும் சேர்ந்து குளிர்விக்கிற இன்ஜின். கம்பெனியிலிருந்தே முன்பக்கம் ஒரு ஆயில் கூலரோடுதான் வருகிறது, சாதாரண ஓட்டத்துக்கு அது போதும், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் ஓட்டம்தான் வேறு மாதிரி. காலையும் மாலையும் ஓஎம்ஆர், மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் தாண்டி, அதுவும் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்துக் குறுக்கிய ரோட்டில், முதல் கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர் என்றே பாதி நேரம் போகும். 2003 மே மாதம் 45 டிகிரி பதிவான ஊர் இது, கத்திரி வெயிலில் 40ஐத் தொடுவது இங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அது நிழலில் அளந்த கணக்கு. கொதிக்கிற தார் ரோட்டுக்கு இரண்டடி உயரத்தில், முன்னால் ஒரு மாநகரப் பேருந்து புகை விட்டுக்கொண்டு நிற்கும்போது, கூலருக்கு வந்து சேரும் காற்று அதைவிட நிறையச் சூடு.

ஆயில் ஊற்றுகிற மூடிக்குப் பதிலாகப் போடும் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, முள் வைத்தது. அதை மாட்டிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மே மாத மாலை நெரிசலில் முள் 120ஐத் தாண்டிப் போகும். அந்த நேரத்தில் நியூட்ரல் விழாது, கியர் கல் மாதிரி இறுகும், இன்ஜின் தலைப்பக்கம் வால்வுகள் தட்டுகிற டாப்பெட் சத்தம் தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். நான் போடுவது 10டபிள்யூ50. அந்த 50 என்பது 100 டிகிரியில் ஆயிலுக்கு இருக்கவேண்டிய கெட்டித்தன்மையைச் சொல்கிற எண். அதற்கு மேலே சூடு ஏற ஏற ஆயில் இளகிக்கொண்டே போகும். அதைவிட முக்கியம், ஆயில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகிற வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதை வைத்துப் பார்த்தால் 10, 12 டிகிரி குறைவது சின்ன விஷயம் இல்லை, ஆயிலின் ஆயுளே மாறுகிறது.

வாரண்டி முடிகிற வரை கை வைக்கவில்லை. ஆயில் லைனைக் கழற்றி வேறு போட்டால் பிறகு இன்ஜினுக்கு ஏதாவது வந்து சர்வீஸ் சென்டரில் போய் நின்றால் பேச்சு வளரும். முடிந்ததும் ஜிபி ரோடு, புதுப்பேட்டை இரண்டிலும் அலைந்து பார்த்துவிட்டு, பழையதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பரப்பு உள்ள அலுமினியக் கூலர் ஒன்றை, கம்பி பின்னிய ஹோஸோடு வாங்கினேன். பிராக்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்ந்து செலவு ஐந்து இலக்கத்தில் போனது.

மாட்டிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் கூலரின் சைஸைப் பற்றிப் பேசவே இல்லை. "பெருசா இருக்கறது இருக்கட்டும் தம்பி, ஃபோர்க் முழுசா அமுங்கும்போது மட்கார்டு இதுல இடிக்குதான்னு மொதல்ல பாரு" என்றார். அப்புறம் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். கூலரை ஃபிரேமோடு நேராக முடுக்கக் கூடாது, ரப்பர் புஷ் வைத்துத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் கூலரை மாட்டுகிற காது உடையும். இரண்டாவது, ஹோஸைப் பிடிக்கிற, நடுவில் ஆயில் போக ஓட்டை உள்ள பான்ஜோ போல்ட்டை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்க வேண்டும். "ஓவரா இறுக்கி த்ரெட்டு போச்சுன்னா இன்ஜின் கேஸையே மாத்தணும், பாத்துக்க." கூலரும் ஹோஸும் பெரிதானதால் ஆயில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, வண்டியை மெயின் ஸ்டாண்டில் நேராக வைத்து லெவல் பார்த்து ஊற்றினோம்.

சரி, பலன் என்ன? நெரிசலில் பெரிய வித்தியாசம் இல்லை, இதை மறைக்க விரும்பவில்லை. முள் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான். கால் மணி நேரத்துக்கு மேல் நின்று நகர்ந்து ஓட்டினால் பழைய இடத்துக்கு மூன்று நான்கு டிகிரி கீழே போய் நிற்கும். காரணம் எளிது. கூலரில் ஃபேன் கிடையாது, வண்டி நகர்ந்தால்தான் காற்று. ஆயில் பம்ப் இன்ஜினோடு சுற்றுவது, ஐட்லிங்கில் ஆயிலும் மெதுவாகத்தான் ஓடும். நிற்கும்போது இரண்டும் இல்லாமல் போகிறது.

ஆனால் நாவலூர் தாண்டி ரோடு திறந்ததும் நடப்பது வேறு. முன்பு கேளம்பாக்கம் வரை போனாலும் இறங்க மறுத்த முள், இப்போது சில கிலோமீட்டரில் 100க்குப் பக்கம் வந்துவிடுகிறது. நியூட்ரல் லேசாக விழுகிறது. பெங்களூர் ஹைவேயில் பகல் வெயிலில் 90, 100 வேகத்தில் போகும்போது முன்பு 110ஐ ஒட்டியே இருந்தது, இப்போது 97, 98. ஏலகிரி ஏற்றத்தில், 14 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் பின்னால் ஆள் வைத்து ஏறியும் 110ஐத் தொடவில்லை. ஜனவரியில் எண்கள் இன்னும் நன்றாக இருக்கும். ஆயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான் கூலரின் மூலதனம், மே மாதத்தில் அது சுருங்கிவிடுகிறது. நம் ஊர்ப் புழுக்கம் நம்மைத்தான் வாட்டும், கூலருக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை.

பராமரிப்பு பற்றி யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் பெரிய வேலையாக இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்குப் பிறகு பள்ளிக்கரணை, வேளச்சேரிச் சேற்றில் ஓட்டியதில் கூலரின் கீழ்ப்பக்கம் முழுக்க அடைத்துக் காய்ந்து சிமெண்ட் பூசியதைப்போல ஆகிவிட்டது. அப்படியே விட்டால் பெரிய கூலர் சின்னக் கூலர் ஆகிவிடும். முன் மட்கார்டுக்கு நீட்டிப்பு ஒன்று போட்டதில் சேறு பாதியாகக் குறைந்தது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை அதன் பக்கமே விடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மடங்கினால் அந்த இடத்தில் காற்றுப் போகாது. நான் வீட்டுக் குழாயைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாக விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். ஈசிஆரில் போய்வந்த மறுநாள் நல்ல தண்ணீரில் கழுவுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன், உப்புக்காற்று அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்க வைக்கும்.

ஒரு முறை ஹோஸ் ஜாயிண்டில் ஆயில் கசிந்தது. கூலரோடு வந்த செப்பு வாஷர்கள் தரமில்லை, ஒன்று ஒருபக்கமாக நசுங்கியிருந்தது. விற்ற கடையில் கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வேறு வாஷர் வாங்கிப் போட்ட பிறகு இன்றுவரை ஒரு சொட்டுகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அங்கே கசிகிற ஆயில் காற்றில் பின்னால் வந்து பின் டயரில்தான் விழும். இதில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது.

மார்கழிக் காலையில் எதிர்ப்பிரச்சினை. ஆயில் சூடாகும் வரை கூலருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் என் கிட்டில் கிடையாது, 20, 22 டிகிரிக் குளிரில் காலியான ரோட்டில் ஓட்டினால் ஆயில் 75ஐத் தாண்டுவதற்கே நேரம் எடுக்கிறது. ஆயில் நன்றாகச் சூடானால்தான் உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியே போகும், இல்லாவிட்டால் மூடியின் அடியில் பால் ஏடு போல ஒன்று படியும். எனக்குத் தூர ஓட்டம் என்பதால் தொந்தரவு இல்லை. அடையாறிலிருந்து மயிலாப்பூர் போய்த் திரும்புகிற அளவுக்கு மட்டும் ஓட்டுபவர்கள் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லை கம்பெனிக் கூலரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏர் கூல்டு 350 வைத்திருக்கிற நண்பர்கள் இருவர் தங்களுக்கும் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்த இன்ஜினில் கூலருக்கு வழியே விடப்படவில்லை, ஃபில்டர் மூடிப்பக்கம் வழி பிரித்து ஹோஸ் இழுக்க வேண்டும், அவ்வளவு தூரம் சுற்றிவர வைத்தால் பம்ப் தருகிற அழுத்தம் எங்கே குறையுமோ என்ற கவலை எப்போதும் இருக்கும். அந்தப் பணத்துக்கு பைக் இன்ஜின் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ2 தரத்தில் நல்ல ஆயில் வாங்கி, கோடை தொடங்கும் முன் ஒன்று, முடிந்ததும் ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.