காட்டுப்பூவரசா, தவிட்டுக்கொய்யாவா?

திருகோணமலையிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு (இலங்கை மலைநாட்டின் தேசியப் பூங்கா) போகிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதுண்டு. இரண்டும் பசுமைமாறாச் செடிகள். பூவுக்குக் காத்திருக்க வேண்டாம், இலையே போதும்.

இலை: காட்டுப்பூவரசில் (ரொடொடென்ட்ரன்) தடித்த இலைகள் மாறிமாறி வந்து கிளை நுனியில் நெருங்கும், நடுநரம்பு ஒன்று. தவிட்டுக்கொய்யாவில் எதிரெதிர்ச் சோடி. நீளவாக்கில் மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். இரண்டிலும் இலையின் அடிப்புறத்தில் ரோமம் உண்டு. அதை மட்டும் நம்பினால் பிழை வரும்.

பூ: முன்னது சிவப்பு மணி, மகரந்தக் கேசரம் 10. பின்னது இளஞ்சிவப்பு, தனி இதழ் 5, கேசரம் எண்ணிமாளாது.

காய்: முன்னது காய்ந்து வெடிக்கும். பின்னது ஊதாச் சதைப்பழம்.

தின்னத் தவிட்டுக்கொய்யா. காட்டுப்பூவரசு பார்க்க மட்டும்: இலை நஞ்சு, திருகோணமலை வெயிலில் வளராது, பூங்காவில் கிளை ஒடிப்பதும் குற்றம்.