மாட்டிறைச்சிக்கு எந்தத் தூள்: உப்பும் மிளகுமா, சர்க்கரையும் பாப்ரிகாவுமா?

இறைச்சியில் தடவும் உலர் மசாலாவை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: அமெரிக்காவின் டெக்சாஸ் பாணி உப்பு-மிளகு, அங்கேயே கான்சாஸ் சிட்டி பாணி பழுப்புச் சர்க்கரை-பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்).

செலவு: முதலாவதில் இரண்டே பொருள். அடுத்ததில் பூண்டுத்தூள், வெங்காயத்தூள், மிளகாய்த்தூள் என்று பட்டியல் நீளும்.

பக்குவம்: கல்லுப்பும் மிளகும் கரண்டிக்குக் கரண்டி சமம். மிளகை ஒன்றிரண்டாக உடைத்தால் போதும். மாவாக அரைத்தால் மேலே அந்தக் கரடுமுரடான கருந்தோல் படியாது. மற்றதில் எல்லாவற்றையும் கொட்டிக் கலக்கலாம், ஆனால் இனிப்பும் உப்பும் சரியாகப் பிடிபட நாளாகும்.

இருப்பு: உப்பு-மிளகு மாதக்கணக்கில் தாங்கும். சர்க்கரைக் கலவை கட்டி தட்டும், பாப்ரிகா வெளிச்சம் பட்டால் வெளுக்கும்.

தணல்: முடிவு செய்வது இதுதான். 110–130 டிகிரி செல்சியஸ் புகையில் மணிக்கணக்காக வேகும் பிரிஸ்கெட்டுக்கு (மாட்டின் நெஞ்சுக்கறி) இரண்டுமே சரி. நேரடித் தணலில் வாட்டும் ஸ்டேக்கில் (தடித்த இறைச்சித் துண்டு) சர்க்கரை கருகிக் கசக்கும்.

ஆக, ஸ்டேக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு உப்பு-மிளகு. பிரிஸ்கெட்டுக்கும் என் ஓட்டு அதற்கே. பிரிஸ்கெட்டின் கொழுத்த பாகத்தைத் துண்டுபோட்டு, சாஸில் புரட்டி மறுபடி சுடுவதாக இருந்தால் மட்டும் சர்க்கரைக் கலவையை எடுங்கள்.