கேமிங் ரவுட்டர் வாங்கும் முன் வான் (WAN) ஐபியைப் பாருங்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். என் பையன் பிஎஸ்5-இல் கோயம்புத்தூரில் இருக்கும் மாமா பையனோடு விளையாடுவான். சில வாரமாக இருவராலும் ஒரே ஆட்டத்தில் சேர முடியவில்லை. சேர்ந்தாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பிஎஸ்5-இன் இன்டர்நெட் டெஸ்ட்டில் நாட் (NAT) டைப் 3 என்று வந்தது. நாட் என்பது பல கருவிகளை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு; டைப் 3 என்றால் மற்றவர்களோடு நேரடியாக இணைவது கடினம்.

எங்கள் தெருவுக்கு இணைப்பு கொடுக்கும் ஆளைக் கூப்பிட்டேன். தமிழில் பேசினார், நம்பிவிட்டேன். "இந்த பாக்ஸ் கேமிங்குக்குத் தாங்காது சார், கேமிங் ரவுட்டர் போட்டா சரியாயிடும்" என்று ஆறு ஆன்டெனா வைத்த ஒன்றை அவரே கொண்டுவந்து மாட்டி 6,800 ரூபாய் வாங்கினார். மாலையில் பார்த்தால் டைப் 3. மறுபடி வந்து, போர்ட் ஓபன் செய்ய, அதாவது வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வர வழி திறக்க, 1,500 வாங்கினார். அப்போதும் டைப் 3தான்.

அப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தேன். புது ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி, அதாவது ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரி, 192.168 என்று தொடங்கியது. அது வீட்டுக்குள் பயன்படும் முகவரி. அதாவது ஃபைபர் பாக்ஸ் ஏற்கெனவே செய்யும் நாட்டுக்குப் பின்னால் இது இன்னொரு நாட். சரி, ஃபைபர் பாக்ஸுக்குள் போனால் அங்கே வான் ஐபி 100.72 என்று தொடங்குகிறது! 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 எனும் பழைய வகை இணைய முகவரிகள் போதாததால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். சிஜிநாட் என்பது இதுதான். இது நடப்பது அவர்கள் பக்கத்தில். நம் வீட்டில் எந்த ரவுட்டரை வைத்தாலும், எந்த போர்ட்டைத் திறந்தாலும், வெளியிலிருந்து புதிதாக வரும் இணைப்பு அங்கேயே நின்றுவிடும். தினமும் இணைப்பு கொடுப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது என்பதுதான் என் கோபம்.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். ஃபைபர் பாக்ஸில் தெரியும் வான் ஐபியும், அதே வைஃபையில் கூகுளில் "வாட் இஸ் மை ஐபி" என்று தேடினால் வரும் ஐபிவி4 முகவரியும் வேறு வேறாக இருந்தால், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். இணைய நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் பப்ளிக் ஐபி (உங்கள் வீட்டுக்கே தனியான பொது முகவரி) கேளுங்கள். எனக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் மறுநாளே கொடுத்துவிட்டார்கள். புது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (நாட் செய்யாமல் வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றி, ஃபைபர் பாக்ஸில் யூபிஎன்பி (தேவையான போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதி) ஆன் செய்தேன். டைப் 2 வந்தது. அன்று ராத்திரி இரண்டு பையன்களும் பத்து மணி வரை பேசிக்கொண்டே விளையாடினார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "பிரிச்சாச்சே சார்" என்கிறார். பில் கொடுக்கவில்லை. ஜிபே ரசீதும், "கண்டிப்பா சரியாகும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் நேற்று புகார் கொடுத்துவிட்டேன்.